சேதாரம்

பழைய நாணயங்களைச் சேகரிப்பவர்களிடம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. பழங்காசைத் துலக்கக் கூடாது. கைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ, கறுத்தோ, பச்சை பூத்தோ, எண்ணெய்ப் பிசுக்கோடோ, அப்படியே இருக்கவேண்டும். துலக்கிய காசு அவர்கள் கணக்கில் ஊனப்பட்ட காசு. நாணயங்களைத் தரம் பிரித்து உறையில் மூடித் தரும் அயல்நாட்டு நிறுவனங்கள், துலக்கியது தெரிந்துவிட்டால் தர எண் எதுவும் கொடுக்காமல், 'துலக்கப்பட்டது' என்று உறைமேல் குறித்து அனுப்பிவிடுகின்றன.

இந்த விதி விலையைப் பற்றியது; அதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது சேகரிப்பவர்களின் குரலில் விலைக்கு மேற்பட்ட ஒன்று, தார்மீகக் கோபத்துக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று, ஏறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். பணத்தை வீணடித்தவனிடம் பேசுகிற தொனி இல்லை அது. கோயில் சிற்பத்தை உடைத்தவனிடம் பேசுகிற தொனி. அந்தத் தொனிக்கு நியாயம் உண்டா என்பதுதான் என் கேள்வி. துலக்குவது நஷ்டமா, அல்லது தவறா? இரண்டும் வேறு வேறு. தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பது இன்னும் சிக்கலானது. உலோக வட்டையும் சொன்ன சொல் தவறாமையையும் நாம் நாணயம் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். பழந்தமிழில் காசு என்ற சொல்லுக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் இருந்தது. 'காசறு' என்றால் குற்றமற்ற. இரண்டு காசுக்கும் வேர் ஒன்றா என்பதை மொழி ஆராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பண்டமும் பழுதும் ஒரே சொல்லுக்குள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கின்றன என்பது எனக்குப் போதும்.

முதலில் துலக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். அழுக்கு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதில்லை. வெள்ளி கறுப்பது காற்றிலிருக்கும் கந்தக வாயுவோடு அது சேர்வதால். அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. அதிலுள்ள வெள்ளி அந்தக் காசின் வெள்ளியேதான். படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சளும் செம்பழுப்பும் நீலமும் காட்டி, தடித்த பின் கறுப்பாகிறது. செம்புக் காசின் செம்பழுப்பும் பச்சையும் அதே போல அந்தச் செம்பின் இன்னொரு நிலைதான். ஆகவே கறுப்பைத் துடைத்து எடுக்கிறவன் காசைத் தொடாமல் கறுப்பை மட்டும் எடுக்க முடியாது. அவன் எடுப்பது காசின் மேல் தோலை.

புதுக் காசின் பளபளப்பு வெறும் வழவழப்பு இல்லை. அச்சு இறங்கி அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்ணிய வரிகளாக உறைந்துவிடுகிறது. காசைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரம்போல் சுழல்வது அந்த வரிகளால்தான். புளியும் உப்பும், சாம்பலும் விபூதியும், இன்றைய பற்பசையும் முதலில் அழிப்பது இந்த வரிகளை. அதற்குப் பிறகும் காசு மின்னும். ஆனால் அது வேறு மினுக்கு, ஸ்பூன் மின்னுகிற மாதிரி. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் வெள்ளியை அமிழ்த்தினால் கறுப்பிலிருக்கும் வெள்ளி மறுபடி உலோகமாகத் திரும்பிவிடும் என்று ஒரு முறை சொல்லப்படுகிறது. திரும்புவது உண்மை. ஆனால் போன வெள்ளி தான் இருந்த இடத்தில், தான் இருந்த விதத்தில் திரும்பிவந்து உட்காருவதில்லை. பழைய வரிகள் போனவை போனவைதான். இது ரசாயனம் மட்டுமா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வருவதுண்டு.

எங்கள் வீட்டில் 31 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. விக்டோரியா சில, ஏழாம் எட்வர்ட் சில, மற்றவை ஐந்தாம் ஜார்ஜ். அம்மாவுக்கு அவள் பாட்டி கொடுத்தவை. ஆடி வெள்ளி, தை வெள்ளி, தீபாவளி என்று வருஷத்தில் நாலைந்து தடவை அவை டப்பாவிலிருந்து வெளியே வரும். அம்மா விபூதி போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, பித்தளைத் தட்டில் அரிசிமேல் அடுக்கி விளக்குக்கு முன் வைப்பாள். இரண்டு காசுகளில் வளையம் பற்றவைத்திருந்தது. எந்தக் குழந்தையின் அரைஞாணிலோ தொங்கியவை. அம்மா போன பிறகு பாகம் பிரிக்க வேண்டியிருந்ததால் அண்ணா அவற்றைப் பழங்காசு வியாபாரி ஒருவரிடம் காட்டினார். அவர் ஒன்றைக் கையிலெடுத்துச் சாய்த்துப் பார்த்தார். மற்றவற்றைச் சாய்த்துக்கூடப் பார்க்கவில்லை. "சார், இதெல்லாம் எடைக்குத்தான் போகும்" என்றார். தராசில் 350 கிராம் வந்தது. வெளியே வந்ததும் அண்ணா சொன்னார்: "அம்மா தேய்ச்சுத் தேய்ச்சே அழிச்சுட்டா."

அந்த வாக்கியம் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்து விட்டது. அதில் தகவல் என்ற அளவில் தப்பில்லை. அந்த ரூபாயின் சட்டப்படியான எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், ஒரு தோலா என்பதே அதுதான். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 31 காசுகள் 361 கிராமுக்குச் சற்று மேலே இருந்திருக்க வேண்டும். குறைந்தது 11 கிராமுக்கும் கொஞ்சம் அதிகம். முப்பத்தொரு ரூபாய்களுக்குள் ஏறக்குறைய ஒரு முழு ரூபாய் கரைந்துபோயிருந்தது. அந்தக் காணாமற்போன ரூபாயை யார் எடுத்தார்கள்? பெரும்பகுதியைச் சந்தை எடுத்திருக்கும். பெயர் தெரியாத கைகள், மடிகள், கல்லாப்பெட்டிகள். மீதியை அம்மாவின் கட்டைவிரல். இவ்வளவு அவர்கள், இவ்வளவு இவள் என்று பிரிக்க எந்தத் தராசாலும் ஆகாது. புழக்கத்தின் தேய்மானத்தை 'இயல்பு' என்றும், பூஜையின் தேய்மானத்தை 'சேதம்' என்றும் சேகரிப்பவர் பிரிக்கிறார். உலோகத்தைப் பொறுத்தவரை இரண்டும் விரல்தான்.

சேதம் என்றால் என்ன என்பதற்கு ஒரே நீதிபதி கிடையாது. அரசாங்கம் ஒரு நீதிபதி. 1906-ஆம் வருஷத்து இந்திய நாணயச் சட்டம், எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறையாத, உருச்சிதைக்கப்படாத ரூபாயே செல்லும் என்றது. இரண்டு சதவீதம் என்றால் கால் கிராமுக்கும் குறைவு. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுக் காசுகள் சராசரியாக மூன்று சதவீதம் இழந்தவை. வெள்ளைக்காரன் காலத்திலேயே செல்லாக்காசாகியிருக்க வேண்டியவை. வளையம் வைத்த இரண்டும் பற்றவைத்த நிமிஷத்திலேயே சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. தட்டான் இன்னொரு நீதிபதி. அவனுக்கு முகமும் எழுத்தும் ஒரு பொருட்டில்லை. எடையும் மாற்றும் போதும். சேகரிப்பவர் மூன்றாவது நீதிபதி. எடையைப் பற்றி அவருக்குக் கவலை குறைவு, மேற்பரப்புதான் எல்லாம். நான்காவது, வீடு. வீட்டின் சட்டத்தில் கறுத்த வெள்ளியை விளக்குமுன் வைப்பதுதான் சேதம். ஒரே காசு ஒரே நாளில் இந்த நான்கு மன்றங்களிலும் நான்கு தீர்ப்புப் பெறும். விலை என்பது இவற்றில் ஒரு மன்றத்தின் தீர்ப்பு. அது மற்ற மூன்றுக்கும் மேல்முறையீட்டு மன்றம் என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?

தட்டானின் தீர்ப்பை மட்டமானது என்று ஒதுக்குவது சுலபம். நீட்ஷே 1873-இல் எழுதிய, அவர் தாமே வெளியிடாத ஒரு கட்டுரையில், உண்மைகளை உருவம் தேய்ந்து வெறும் உலோகமாகிவிட்ட காசுகளோடு ஒப்பிட்டார். உருவம் போவது வீழ்ச்சி என்பது அந்த உவமையின் அடியில் இருக்கிற எண்ணம். ஆனால் நம்மிடம் அதற்கு எதிர்ச்சாட்சி இருக்கிறது. சவரன் என்று நாம் சொல்வது இங்கிலாந்தின் தங்கக் காசு; 22 காரட், எட்டு கிராமுக்கு ஒரு நூல் குறைவு. 1918-இல் பம்பாயிலும் அதை அச்சடித்தார்கள். இன்று நகைக்கடையில் சவரன் என்றால் ராணி, ராஜா, குதிரைவீரன் யாரும் நினைவுக்கு வருவதில்லை. எட்டு கிராம், அவ்வளவுதான். காசு முழுக்கத் தேய்ந்து, எடை மட்டும் சொல்லாக நிற்கிறது. டச்சுக்காரனின் சின்னக் காசு 'துட்டு' என்று நம் வாயில் தங்கிவிட்டது. நம் 'காசு' போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய், கீழ்த்திசைக் காசுகளுக்கெல்லாம் ஐரோப்பியர் வைத்த பெயரானது. இவையெல்லாம் தேய்மானத்தின் வரவுகள். தேயாத சொல் அகராதியில் இருக்கும். தேய்ந்தது கடைத்தெருவில் இருக்கும்.

பழமையின் மதிப்பைப் பற்றி யோசித்தவர்களில் வியன்னாவைச் சேர்ந்த அலோயிஸ் ரீகல் 1903-இல் செய்த பாகுபாடு எனக்கு இன்னமும் உபயோகமாக இருக்கிறது. பழம்பொருளின் மேல் நாம் வைக்கும் மதிப்பு ஒன்றில்லை என்றார் அவர். ஒன்று வரலாற்று மதிப்பு: ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பொருள் சாட்சி, ஆகவே சிதைவை நிறுத்தவேண்டும். இன்னொன்று வயதின் மதிப்பு: காலம் அதன்மேல் நடந்த தடம்தான் நம்மைத் தொடுகிறது, ஆகவே சிதைவில் கைவைக்கக் கூடாது. மூன்றாவது, புதுமையின் மதிப்பு: முழுசாகவும் பளிச்சென்றும் இருப்பதை விரும்புவது. நான்காவது, உபயோக மதிப்பு. இவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சேகரிப்பவரின் விதியை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. துலக்காதே என்று சொல்லும்போது அவர் வயதின் மதிப்பைப் பேசுகிறார். ஆனால் யார் கையும் படாத, அச்சிலிருந்து நேற்று விழுந்த மாதிரியான காசுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார். அவர் உண்மையில் விரும்புவது, காலம் கடந்திருக்க வேண்டும், ஆனால் ஒரு மனிதனும் குறுக்கே வந்திருக்கக் கூடாது என்பது. வாழ்க்கை படாத முதுமை. இது பழமையின்மேல் உள்ள பிரியமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ரீகலின் பாகுபாட்டில் இன்னொரு குறை. அவர் பொருளின் எதிரே பார்வையாளனை நிறுத்துகிறார். பார்வையாளன் பொருளுக்கு வெளியே இருப்பவன். வாரிசு அப்படி இல்லை. அவனுக்கு அந்தப் பொருள் காட்சி இல்லை, ஒப்படைப்பு. வாங்கிய பொருளை நான் பார்க்கிறேன். எனக்கு விடப்பட்ட பொருளோ என்னிடம் ஏதோ கேட்கிறது. என்ன கேட்கிறது என்பதில்தான் சண்டை.

சேதம் என்று நாம் பெயர் வைக்கிறவை எல்லாம் இழப்பு இல்லை என்பதற்குப் பெரிய சான்று நம் மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு புதையல் அகப்பட்டது. 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு. ஜார்ஜ் ஹில் அதே வருஷம் அவற்றைப் பற்றி எழுதினார். ஏன் வெட்டினார்கள்? தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்கும் அடையாளம் என்கிறார்கள். உள்ளே தங்கம்தானா என்று பார்த்த வெட்டு என்கிறார்கள். அயல் மன்னனின் தலைக்கு இங்கே அதிகாரம் இல்லை என்று சொன்ன வெட்டு என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும், ரோமாபுரியில் அச்சடித்த காசுக்கு இங்கே கிடைத்த ஒரே தமிழ்க் கையெழுத்து அந்த வெட்டு. வெட்டில்லாத அகஸ்டஸ் ரோமைப் பற்றி மட்டும் பேசுவான். வெட்டுப்பட்டவன் நம்மைப் பற்றியும் பேசுகிறான். எவனாவது ஒரு நிபுணன் அந்தப் பிளவைத் தங்கம் வைத்து நிரவி 'சரி' செய்தால் அதுதான் உண்மையான சேதம்.

கிரேக்க நாட்டு டயோஜனிஸைப் பற்றிய பழங்கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. அவனோ அவன் தகப்பனோ சினோப் நகரத்து நாணயத்தைச் சிதைத்ததற்காக ஊரைவிட்டுப் போக நேர்ந்தது என்று அவன் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். சினோப்பின் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் காசுகளில் உளிவெட்டு விழுந்தவை கிடைத்தும் இருக்கின்றன. கிரேக்கத்தில் நாணயத்துக்கான சொல்லும் வழக்கம், சட்டம் என்பதற்கான சொல்லும் ஒரே குடும்பம். ஆகவே பின்னால் வந்தவர்கள் அந்தக் குற்றத்தையே அவன் தத்துவமாக வாசித்தார்கள்: ஊரில் செல்லுபடியாகும் மதிப்புகளின் முகத்தில் வெட்டுப்போட்டவன் என்று. சிதைப்பதும் ஒரு கூற்றாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இதை வைத்துக்கொண்டு அம்மாவின் விபூதியையும் ஒரு கையெழுத்து என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுகமாக முடிந்துவிடும். ஆனால் அது அவ்வளவு சுலபமில்லை. உளிவெட்டு ஒரு செயல். தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் செயல். இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அது வெட்டு என்று எவனுக்கும் தெரியும். விபூதித் தேய்ப்பு அப்படி இல்லை. அது எழுதுவதில்லை, அழிக்கிறது. தன்னையும் சேர்த்து அழித்துக்கொள்கிறது. எந்தக் காசு பூஜையில் தேய்ந்தது, எது பெட்டிக்கடையில் தேய்ந்தது என்று காசு சொல்லாது. எனக்குத் தெரியும், அண்ணாவுக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் பிறகு அவை வெறும் மொண்ணைக் காசுகள். அதாவது, வியாபாரி சொன்ன மதிப்பு யார் கைக்கும் மாற்றிக்கொடுக்கக் கூடியது; நான் சொல்கிற மதிப்பு ஆயுள் உள்ளது, ஆளோடு சாகக்கூடியது. மாற்றிக்கொடுக்க முடியாத மதிப்பு மதிப்புதானா என்று ஒரு பொருளாதாரக்காரன் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைமாறுவதற்காகவே பிறந்த ஒரு பொருளில் இதைத் தேடுகிறோம் என்பது அந்தக் கேள்வியை இன்னும் கூராக்குகிறது. என் பதில் இதுதான்: நம்மிடம் உள்ள மிக முக்கியமான மதிப்புகள் எல்லாமே அந்த ரகம். அவற்றுக்குச் சந்தை இல்லை என்பது அவற்றின் குறை என்றால், துக்கமும் ஒரு குறைதான்.

ஆனால் வீட்டின் உரிமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும். கரூரில் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசுகள் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. பாண்டியரின் சதுரச் செம்புக் காசு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் இருப்பதை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளியிட்டபோது, சங்கப் பாட்டில் மட்டும் கேட்டிருந்த பெயர் ஒன்று உலோகத்தில் வந்து நின்றது. விரல் நகம் அளவு செம்பு. அதை எவளாவது ஒரு பாட்டி புளிபோட்டு நன்றாகத் துலக்கிப் பூஜையில் வைத்திருந்தால் அந்தப் பெயர் போயிருக்கும். போனது யாருக்கும் தெரிந்துகூட இருக்காது. அவளுடைய பக்தி நிஜமாக இருந்திருக்கலாம், அதனால் இழப்பு குறைந்துவிடாது. ஐந்தாம் ஜார்ஜின் முகம் கோடிக்கணக்கில் இருக்கிறது. என் அம்மாவின் கட்டைவிரல் ஒன்றுதான் இருந்தது. பெருவழுதியின் விஷயத்தில் இது தலைகீழ். ஆகவே வாரிசின் பொறுப்பை விலையை வைத்து அளக்கக் கூடாது. இன்னொன்று உண்டா என்பதை வைத்து அளக்கவேண்டும். விலை உயர்ந்ததெல்லாம் அரிய சாட்சி இல்லை. அரிய சாட்சியெல்லாம் விலை உயர்ந்ததும் இல்லை.

தொல்லை என்னவென்றால், எது ஒன்றே ஒன்று என்பது கையில் இருக்கும்போது பெரும்பாலும் தெரிவதில்லை. இங்கேதான் துலக்காதே என்ற விதிக்கு விலையைத் தாண்டிய நியாயம் ஒன்று கிடைக்கிறது. இன்று துலக்காததை நாளைக்குத் துலக்கிக்கொள்ளலாம்; இன்று துலக்கியதை நாளைக்குத் துலக்காததாக ஆக்க முடியாது. திரும்ப முடியாத காரியத்தைச் செய்கிறவனுக்குத்தான் காரணம் சொல்லும் கடமை அதிகம். ஆனால் இந்த நியாயத்தையும் முழுசாக நம்பி உட்கார்ந்துவிட முடியாது. செம்பின் உள்ளே உப்பு ஏறியிருந்தால், ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். பூத்தது நிற்காது, காசைத் தின்றுகொண்டே போகும். இதை நோய் என்றே அழைக்கிறார்கள். அப்போது சும்மா இருப்பதும் ஒரு செயல்தான். அருங்காட்சியகத்து ரசாயனக்காரர் அந்த உப்பை ஊறவைத்து எடுத்து, மேலே பென்ஸோட்ரையஸோல் பூசி நிறுத்துகிறார். ஆகக் கைவைக்காமல் இருப்பதே கைசுத்தம் என்று சொல்லிக்கொண்டு நழுவ வழியில்லை. எது தின்கிற பச்சை, எது காக்கிற பச்சை என்று பார்க்கத் தெரியவேண்டும்.

அழுக்கு எது என்று தீர்மானிப்பதில் உள்ள அதிகாரம் தஞ்சாவூரில் இன்னும் பெரிய அளவில் தெரிகிறது. பெருவுடையார் கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே இருப்பது தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியதற்காகச் சில நூறு வருஷத்தியது அழுக்காகிவிடுமா? தொல்லியல் துறை பிறகு நாயக்கர் படலத்தைத் தனியே உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியது. நல்ல தீர்வுதான். ஆனால் எல்லா வீட்டிலும் எல்லா மொழியிலும் அப்படி உரித்து வைக்க முடிவதில்லை. அதே நாட்டில், கும்பாபிஷேகத் திருப்பணி என்று மணலைப் பீச்சியடித்துக் கல்தூண்களைத் 'துப்புரவு' செய்து, கல்வெட்டுகளை மழுக்கியதும் நடந்தது. அம்மாவின் கை மாதிரி இல்லை அந்தக் கை. அவள் தேய்த்ததை அடுத்த வெள்ளிக்கிழமையும் தானே தேய்த்தாள். அந்தப் பொருளோடு குடியிருந்தாள். ஒப்பந்தத்துக்கு மணல் அடிப்பவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

எழுதுகிறவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. நம் சொற்களையும் துலக்குகிறார்கள். 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழின்மேல் படிந்தது அழுக்கு என்று முடிவுசெய்து தேய்த்தது. அது தேய்த்தபோது மறைந்திருந்த சில எழுத்துகள் தெரியவந்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. பல நல்ல பழஞ்சொற்கள் நமக்குத் திரும்பக் கிடைத்தன. சில இடங்களில் தோலும் போயிற்று என்பதையும் மறுக்க வேண்டாம். இதற்கு மறுபக்கத்தில் இருக்கிற ஆபத்தைப் பற்றி நாம் அவ்வளவு பேசுவதில்லை. கறுப்புக்கு விலை வந்தவுடன் கறுப்பைத் தயாரிக்க ஆள் வந்துவிட்டான். போலிக் காசு அடிப்பவன் அதைக் கந்தகத்தில் வாட்டுகிறான், மண்ணில் புதைக்கிறான், பச்சை பூசுகிறான். துலக்கிய காசில் பொய் இல்லை; தான் துலக்கப்பட்டவன் என்று அது முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கறுப்பு பூசிய காசுதான் பொய் பேசுகிறது. வட்டார வழக்கையும் பாட்டி சொற்களையும் பூசிக்கொண்டு, நேற்று அச்சடித்த அனுபவத்தை நூறு வருஷத்து அனுபவமாக நீட்டுகிற கதைகள் நம்மிடையே குறைவா? பளிச்சென்று தேய்த்த உரைநடையைக் கண்டால் முகம் சுளிக்கிற நாம், பூசிய பாசியைக் கண்டால் நெகிழ்ந்துபோகிறோம். இந்த ரசனை சேகரிப்பவரின் ரசனையைவிட எந்த விதத்தில் உயர்ந்தது என்று தெரியவில்லை.

அண்ணாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். அம்மா அழித்தாள் என்பது மெய். எதை அழித்தாள்? அவளுக்கு முன்பின் தெரியாத, அவள் ஒருபோதும் பார்த்திராத ஒருவன் கொடுக்கக்கூடிய விலையை. அவள் அதை விட்டுக்கொடுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒன்று இருப்பதே அவள் உலகத்தில் இல்லை. இல்லாததை அழித்ததாக ஒருவர்மேல் குற்றம் எழுதுவது சந்தையின் பழக்கம். பிற்காலத்து விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு முற்காலத்து அன்புக்குக் கணக்கு எழுதுகிறது அது. ஆனாலும் அண்ணாவை நான் பேராசைக்காரர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று நிஜமான தேவைகள் உள்ளவர் அவர். அந்த விலை அவருக்குக் கற்பனை இல்லை. அவர் பங்குக் காசுகளை அவர் எடைக்கே விற்றார். அவை இப்போது எங்கோ கொலுசாகவோ கிண்ணமாகவோ இருக்கும். அதுவும் ஒரு புழக்கம்தான்.

என் பங்கில் இருப்பவற்றை நான் தேய்ப்பதில்லை. தேய்க்கக் கூடாது என்ற விதியால் இல்லை. தேய்க்கும் காரணம் என்னிடம் இல்லாததால். அம்மாவின் கையசைவை நான் செய்தால் அது பூசிய பாசியைப் போலத்தான் இருக்கும். அவை மெல்லக் கறுத்துக்கொண்டு வருகின்றன.

தட்டானின் தொழிலில் ஒரு சொல் உண்டு: சேதாரம். நகை செய்யும்போது உருக்கிலும் அரத்திலும் போகிற தங்கத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் எவ்வளவோ புரட்டு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லின் அடியில் இருக்கிற எண்ணம் கண்ணியமானது. இழப்பில்லாமல் எதுவும் உருவாவதில்லை; ஆகவே இழப்பை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாரிசின் கடமை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான் என்று நினைக்கிறேன். காசைக் கறுப்பாக வைத்திருப்பதோ வெளுப்பாக வைத்திருப்பதோ அந்தக் கடமைக்குப் பக்கத்தில் இரண்டாம்பட்சம். இதில் வளையம் வைத்தது குழந்தைக்காக, இது தேய்ந்தது விளக்குக்காக, இதில் இவ்வளவு போயிற்று, எடுத்தது இன்னார் என்று அடுத்த கைக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதை வாங்குகிறவன் எடைக்கே விற்றாலும் சரி. சொல்லாமல் கொடுத்தால்தான் அது நாணயக் குறைவு.